மச்சினனின் இ.எஸ்.ஐ. பணம்

மதுரை

அன்புள்ள பாண்டிக்கு,

உன் மச்சினனுக்கு டி.பி. என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கப்பலூர் மில்லில் மூன்று வருஷம், சம்பளம் 15,000 என்று எழுதியிருந்தாய். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, மாதம் 113 ரூபாய் சந்தாவாகப் பிடித்திருக்கும். ஆகஸ்டில் படுத்ததால், போன அக்டோபர் முதல் இந்த மார்ச் வரை 78 நாளுக்காவது சந்தா ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏறியிருந்தால் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அது 500 என்றால் நாளுக்கு 350. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. வருஷத்துக்கு 91 நாள்தான்.

91 நாளோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். டி.பி., புற்றுநோய், பக்கவாதம் என்று 34 நோய்களுக்கு நீட்டிப்பு உண்டு. அப்போது தினச் சம்பளத்தில் 80 சதவீதம், தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரை. இரண்டு வருஷத் தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் இருக்கும்.

பணம் நிற்பது பெரும்பாலும் மருத்துவ சர்ட்டிபிகேட்டில்தான். தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பாதே. அவன் பெயர் பதிந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு உடனே போகச் சொல். அங்கிருந்து தத்தனேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரு சர்ட்டிபிகேட் முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிட வேண்டும். நடுவில் நான்கு நாள் விட்டால் அந்த நான்கு நாள் பணம் போச்சு. கடைசியில் உடல் தேறியதற்கான சர்ட்டிபிகேட் இல்லாமல் வேலைக்குத் திரும்பக் கூடாது.

இன்னொன்று, மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ். உதவி செய்வதாக நினைத்து அந்த நாள்களுக்குச் சம்பள லீவு போட்டுவிடுவார்கள். சம்பளம் வாங்கிய நாளுக்கு இ.எஸ்.ஐ. தராது. லீவு போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

மில்லில் ராஜினாமா கேட்டால் எழுதிக் கொடுக்கவே கூடாது. இந்தப் பணம் வாங்கும் காலத்தில் அவனை நினைத்தபடி வேலையை விட்டு நீக்கிவிட முடியாது.

டி.பி. நோயாளிக்குச் சத்துணவுக்கென்று அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, அதையும் கேட்டு வாங்கச் சொல்.

அவனுடைய ஐ.பி. நம்பரையும் (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் அனுப்பு. சந்தா நாள் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்