தொடாமல் நிற்கும் ஐந்து நிமிடம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தொடர்ந்து நைட் டியூட்டி, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண்களைக் கொடுத்தோம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எலுமிச்சை சாதம் கட்டி அனுப்பியவர். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேனை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு கண் வங்கிக்காரர்கள் வரும்வரை காத்திருந்தாயே, டிரெயினிங்கில் படித்தது எதையும் நீ மறக்கவில்லை.

அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். நெஞ்சுத்துடிப்பு நின்றபின் கண்ணை எடுக்கலாம், சரி. கல்லீரலை, இதயத்தையே எப்படி எடுக்கிறீர்கள் என்று.

கருவிழிக்கு ரத்தக்குழாயே கிடையாது. அதனால் ஆறு மணி நேரம் பொறுக்கும். கல்லீரல் பொறுக்காது. அதிலும் ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் பித்தநாளங்கள் ரொம்பப் பலவீனம். ஈரல் பிழைத்துக்கொள்ளும், நாளங்கள் சில மாதம் கழித்துச் சுருங்கி அடைத்து, அந்த நோயாளி மறுபடியும் ஈரலுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

நம் ஊரில் இறந்தபின் உறுப்பு தானம் என்றாலே பெரும்பாலும் மூளைச்சாவுதான். 2008-இல் ஹிதேந்திரன் என்ற பையனின் இதயத்துக்காகச் சென்னையில் சாலையையே ஒதுக்கிக் கொடுத்தார்களே, அதுவும் அப்படித்தான். இதயம் கடைசிவரை துடித்துக்கொண்டிருந்தது. இங்கே இங்கிலாந்தில் இறந்தபின் கொடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேறு வகை. மூளை முழுதாகச் சாகவில்லை, ஆனால் பிழைக்க வழியில்லை. வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று டாக்டர்களும் குடும்பமும் முடிவு செய்தபின்தான் தானப் பேச்சே வரும். சிகிச்சை பார்த்த டாக்டர் ஒருவர், உறுப்பு எடுப்பவர் வேறொருவர். இந்தப் பிரிவினையில் யாரும் விளையாட முடியாது.

டியூபை எடுத்த பிறகு காத்திருப்போம். சர்ஜன்கள் தியேட்டரில், குடும்பம் கட்டிலருகே, நான் மானிட்டர் பக்கத்தில். மூன்று மணி நேரம் வரை பொதுவாகப் பார்ப்பார்கள். அதற்குள் உயிர் பிரியாவிட்டால் உறுப்புகள் பயன்படாது, வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். போன மாதம் அப்படி ஒன்று. ரத்த அழுத்தம் இறங்கி இறங்கி, ஒரு இடத்தில் நின்றுகொண்டது. விடியும்போதுதான் போனார். அவர் மகள், “கடைசியில் அப்பா அதையும் கொடுக்க முடியாமல் போயிற்றே” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

துடிப்பு நின்றதும் ஐந்து நிமிடம் யாரும் தொடக்கூடாது. டாக்டர் கடிகாரத்தையும் ரத்த அழுத்தக் கோட்டையும் பார்த்தபடி நிற்பார். தானாகத் திரும்பாது என்று உறுதியாக வேண்டும். இத்தாலியில் இதே காத்திருப்பு இருபது நிமிடம். அப்புறம் ஓட்டம்தான்.

முன்பெல்லாம் குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தி, கழுவி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். இப்போதும் பல இடங்களில் அதுதான். ஐஸ் வட்டியைக் குறைக்கும், அசலை அடைக்காது. ரத்தமில்லாமல் கிடந்த நிமிடங்களின் சேதம் அப்படியே இருக்கும். அதற்குத்தான் மெஷின். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய ஒன்றை வைத்து 2013-இல் லண்டனில் முதல் ஈரலைப் பொருத்தினார்கள். உடம்புச் சூட்டில் ரத்தத்தையும் ஆக்சிஜனையும் ஈரலுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பல் பூத்த மாதிரி இருந்த ஈரல் பத்து நிமிடத்தில் நாம் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடையில் பார்ப்போமே, அந்தச் செம்பழுப்புக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் சின்ன டியூபில் ஒரு சொட்டுப் பித்தநீர், பச்சையும் பழுப்புமாய். அங்கே இருந்த ஆறு பேரும் அந்தச் சொட்டையே பார்த்தோம். ஈரல் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் லாக்டேட் இறங்குகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இறங்காவிட்டால் யாருக்கும் பொருத்த மாட்டார்கள். பொருத்துவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறதே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நெதர்லாந்துக்காரர்கள் சூடே வேண்டாம், குளிரிலேயே இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் ஏற்றலாம் என்றார்கள். 2021-இல் வந்த அவர்கள் ஆய்வில் அந்தப் பித்தநாளச் சுருக்கம் நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஆறாக இறங்கியது.

இதயத்தின் கதை இன்னும் விசித்திரம். 1967-இல் கேப்டவுனில் டாக்டர் பர்னார்ட் செய்த முதல் இதய மாற்று ஞாபகமிருக்கிறதா, பரீட்சைக்கு எழுதினோமே? அதில் தானம் கொடுத்த பெண்ணின் இதயமும் நின்ற பிறகுதான் எடுத்தார்கள். மூளைச்சாவு என்பதற்கு ஹார்வர்டில் வரையறை எழுதியதே அடுத்த வருடம். பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 2014-இல் சிட்னியிலும், 2015-இல் இங்கே பாப்வொர்த் மருத்துவமனையிலும்தான் நின்ற இதயத்துக்குத் திரும்ப வந்தார்கள். பெட்டிக்குள்ளேயே துடிக்க வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

ஒன்றில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இறந்தவரின் உடம்போடு மெஷினை இணைத்து, உள்ளேயே வயிற்றுப் பகுதிக்கு ரத்தத்தை ஓட்டும் முறை இருக்கிறது. மூளைக்கு ரத்தம் போகாதபடி குழாயை அடைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். ஸ்பெயினில் பரவலாகச் செய்கிறார்கள், உறுப்புகளுக்கு நல்லது என்பதையும் மறுக்க முடியாது. வெளியே எடுத்தபின் ஓட்டுவதில் எனக்குச் சங்கடமில்லை. ரத்தம் நின்றதால்தான் இறந்தார் என்று எழுதிவிட்டு, அதே உடம்பில் திரும்ப ஓட விடும்போது வயிற்றைப் பிசைகிறது. என்னோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மதுரையில் இதெல்லாம் எப்போது என்று கேட்டிருந்தாய். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் சில வருடமாகச் செய்கிறார்கள். ஆனால் வென்டிலேட்டரை எடுக்கலாமா என்பதிலேயே நம் டாக்டர்களுக்குத் தயக்கம். 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லி, 2023-இல் அதை இன்னும் எளிதாக்கியும், கையெழுத்துப் போட ஆளில்லை. மெஷின் வாங்குவது அதற்கு அப்புறம்.

ஜனவரியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கண் வங்கியிலிருந்து சான்றிதழ் வரும் என்றாயே, வந்ததா? வந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
மேரி