சின்னக் கை தட்டிய ரொட்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பணம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஹட்டன் டவுனுக்குப் போய் பத்துக் கிலோ கோதுமை மாவும் ஐந்து கிலோ பருப்பும் வாங்கி வந்தேன். மிச்சம் அம்மாவிடம் இருக்கிறது. "இரண்டு பேருக்கு எதற்கப்பா இவ்வளவு மா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மேல் டிவிஷன் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை வெடித்து நின்றதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அங்கிருந்து வெளியேற்றிய குடும்பங்கள் இன்னும் சொந்தக்காரர் வீடுகளில்தான் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரே அறையில், ஒன்பது பேர் படுக்கிறார்கள். பாதை உடைந்து, தேயிலை மலையும் மூடிக் கிடந்த நாட்களில் யாருக்கும் பேர் விழவில்லை, ஒரு நாள் வேலையும் பதியவில்லை. முழுப் பேர் விழுந்தால்தான் அப்போதைய நாள் சம்பளம் 1350 ரூபாய் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். அப்போது கடையில் எழுதிய கடனை இப்போது வருகிற சம்பளம் தின்றுகொண்டிருக்கிறது.

நிவாரண அரிசி வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். டிசம்பரோடு லொறிகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் பட்டினி கிடந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டுதானே கிடப்பார்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. கீழ் லயத்தில் ஏழாம் தரம் படிக்கிற சின்னவள் ஒருத்தி ஒருநாள் அம்மாவிடம் வந்து, "அம்மாயி, எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இடைவேளை மணி அடித்ததும் பைப்படிக்குப் போய்விடுகிறாள். தண்ணீர் குடித்துவிட்டு மறு மணி அடிக்கும் வரை அங்கேயே நிற்கிறாள்" என்றாள். பாடசாலையில் 2024இலிருந்து ஐந்தாம் தரம் வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு உண்டு. ஆறாம் தரத்துக்கு ஏறியதும் அது நின்றுவிடுகிறது. வளர்கிற வயதில் பசி குறையுமா? முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். பைப்படியில் நின்ற எத்தனை பிள்ளைகளைத் தாகத்துக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேனோ! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் நம் குசினிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் வீட்டிலிருந்து ஒரு கொத்து மா, ஒருத்தி அரைத் தேங்காய், மரக்கறித் தோட்டக்காரர் பையன் இரண்டு கோவாவும் (முட்டைக்கோஸ்) கொஞ்சம் லீக்ஸும். விறகுக்கு, தேயிலைச் செடி வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு, காய்ந்த குச்சிகள். அடுப்புப் பக்கம் மட்டும் அம்மா யாரையும் விடுவதில்லை. பிசைவதும் தட்டுவதும் தேங்காய் துருவுவதும் அவர்கள் வேலை. முதல் நாள் இரண்டு பேர் தனித்தனியே உப்புப் போட்டு மா கரித்துவிட்டது. இன்னும் மா சேர்த்துப் பிசைந்ததில் ரொட்டி கூடியது, இன்னும் இரண்டு வீட்டுக்குப் போனது.

அந்தச் சின்னவள் ரொட்டி தட்டுவதை நீ பார்க்கவேண்டும். உள்ளங்கையை நனைத்து, உருண்டையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளித் தட்டுகிறாள். நடு தடித்தால் உள்ளே மாவாக நிற்கும் என்று அவளுடைய பாட்டி சொல்லிக்கொடுத்தாராம். வெந்த பிறகும் நாலு விரல் தடம் அப்படியே இருக்கும். மேல் டிவிஷன் கிழவி ஒருவர் பார்சலைப் பிரித்து, அந்தத் தடத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்து, "சின்னக் கை தட்டிய ரொட்டி" என்றாராம்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் சமையல். ரொட்டி, சம்பல், ஒரு பருப்புக் கறி. லஞ்ச் சீட்டில் சுற்றி, புத்தகப் பையில் போட்டுக்கொண்டு, பாடம் கேட்கப் போகிற மாதிரிப் போகிறார்கள். வாங்கும் வீட்டுக்குக் கூச்சம் வரக்கூடாதென்று அவர்களே செய்த ஏற்பாடு இது.

1974இல் எனக்கு எட்டு வயது. கூப்பன் அரிசி குறைந்து, மாவும் பாணும் கிடைக்காமல், தோட்டங்களில் வேலை நாளும் குறைந்த காலம். பசியில் நம் சனம் செத்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உயிர் பிழைத்தால் போதுமென்று கப்பலேறினார்கள். ஒரு மாலை, அடுத்த காம்பராப் பையன் அவித்த மரவள்ளிக்கிழங்கு நாலு துண்டை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் நடந்துவிட்டான். அவனுக்குப் பத்து வயது இருக்கும். கிழங்கின் ருசி எனக்கு நினைவில்லை. ஆனால் அவன் முதுகு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மகளே, இதையெல்லாம் எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் பசியைக் கணக்குப் பார்க்கும் நிலைமையை இந்த மலையில் வைத்திருப்பவர்கள் பெரியவர்கள்தானே. பிள்ளைகளை மெச்சிவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. கோயில் கமிட்டியில் பேசி, வீட்டுக்கு வீடு மாதம் ஒரு கிலோ அரிசி தரும்படி கேட்டிருக்கிறேன். பதினொரு வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். மற்ற வீடுகளுக்கும் போவேன். ஆறாம் தரத்துக்கு மேலுள்ள பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கும் எழுதியிருக்கிறேன்.

உன் சிநேகிதிகளிடம் சொல்வதானால் சொல். படம் மட்டும் கேட்காதே. ஒரு தம்பி படமெடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பிள்ளைகள் "சாப்பிடுகிற பிள்ளை நாளைக்கு எங்கள் பக்கத்தில்தான் உட்காரவேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வருஷப்பிறப்புக்கு வரும்போது ஒரு பெரிய தாச்சி வாங்கி வா. அடி கனமாக, இரண்டு பக்கமும் பிடி உள்ளதாக இருக்கட்டும். நம் வீட்டுச் சட்டியில் பருப்பு மூன்று தடவை வைக்கவேண்டியிருக்கிறது, அம்மாவுக்கு இடுப்பு வலி. மூடியும் சேர்த்தே வாங்கு.

அன்புடன்,
அப்பா