ரெய்டு 0: எந்த வேகம், என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குக் கணினி அமைத்துத் தரும்போது, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ‘ரெய்டு 0’ முறையில் ஒரே டிஸ்க் போல இணைத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேகம் இரட்டிப்பாகும் என்கிறார்கள். எந்த வேகம் என்று யாரும் விளக்குவதில்லை.

இம்முறையில் ஒவ்வொரு கோப்பும் 64 அல்லது 128 கேபி துண்டுகளாகி, இரு டிஸ்க்கிலும் மாறி மாறிப் பதிவாகிறது. தனியாக நொடிக்கு 180 எம்பி தரும் டிஸ்க், ஜோடியாகப் பெரிய வீடியோவைப் படிக்கையில் 350 எம்பி வரை தரும். ஆனால் விண்டோஸ் துவங்கும்போதோ, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போதோ பெரிய லாபமில்லை. டிஸ்க்கில் தரவைப் படிக்கும் முனையான ‘ஹெட்’ இடம்விட்டு இடம் நகரும் நேரம் குறைவதில்லையே.

ஆபத்தோ எல்லாக் கோப்புகளுக்கும் பொது. ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டில் ஏதாவது ஒன்று போகும் வாய்ப்பு 5.9 சதவீதம், நான்கு டிஸ்க் என்றால் 11.5. ஒன்று போனாலே போதும், துண்டின் அளவைவிடப் பெரிய கோப்புகள் பெரும்பாலும் முழுதாகக் கிடைக்காது.

டிஸ்க் சாகக்கூட வேண்டியதில்லை. டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்தாலும் இணைத்த டிஸ்க்குகளின் தொகுப்பு முழுதும் காணாமல் போகும். மதர்போர்டின் ரெய்டு வசதியைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல்: மதர்போர்டின் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினால், சாட்டா பெரும்பாலும் டிஸ்க்குகளைத் தனித்தனியாகப் பார்க்கும் ‘ஏஹெச்சிஐ’ நிலைக்கு மாறி விண்டோஸ் திறக்காது. பதறி, டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யும் ‘இனிஷியலைஸ்’ கொடுத்துவிடாதீர்கள். பயாஸில் மறுபடி ‘ரெய்டு’ என்று மாற்றினால் பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும். தொகுப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வேகம்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான இணைப்பில் இயங்கும், சுழலும் பாகமில்லாத டிஸ்க்) போதும். மூன்றாம் தலைமுறை வகையில் நல்லவையே நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கும். இரண்டு சாட்டா எஸ்எஸ்டிகளை இணைத்தாலும் 1,100 எம்பியைத் தாண்டாது.

இருக்கும் டிஸ்க்குகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பவர்கள், மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய கேஷ் (எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்), பிராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய வீடியோ நகல்கள்) கோப்புகளை மட்டும் ரெய்டு 0 தொகுப்பில் வைக்கலாம். மூலப் பதிவுகள் தனி டிஸ்க்கில் ஒன்று, வெளிப்புற டிஸ்க்கில் ஒன்று என இரு பிரதிகளாக இருக்கட்டும். இரு பிரதிகளும் எடுத்து முடிக்கும்வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம். மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் கட்டாயம்.

கணினி விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெய்டு 0 போட்டிருந்தால் அதைப் பில்லிலேயே குறிப்பிடுங்கள். டிஸ்க்குகளின் வரிசையையும் துண்டின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். பின்னாளில் தரவை மீட்க முயல்பவர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர், கோவை