முதல் பருவம் முடித்த பிள்ளையின் தகப்பனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

காலாண்டு விடுமுறையில் பாப்பாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள், இன்னும் 247 எழுத்தும் எழுதத் தெரியவில்லையே, பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரை எழுதுகிறானே" என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் பெற்றோர்கள் இதையேதான் கேட்டார்கள் என்பதால், உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். முதல் பருவத்தில் ஒரு குழந்தை கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி நோட்டில் தெரியாது.

வரிசையாக ஒப்பிப்பது வேறு, எழுத்தை அறிவது வேறு. உயிரெழுத்துகளை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையிடம் 'ஏ'யை மட்டும் தனியே காட்டிப் பார். பல பிள்ளைகள் அகரத்திலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்துதான் அதன் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். ட, ப இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை என்பதால், அகரத்தின் சுழியைவிடப் பிஞ்சு விரல்களுக்கு எளியவை. அவற்றோடு மகரமும் புள்ளியும் சேர்ந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று குழந்தை தானே சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடும். 247 எழுத்தையும் பொருள் புரியாமல் பார்த்தெழுதுவதைவிட, மூன்று எழுத்தைக் கொண்டு நான்கு சொற்களை வாசிப்பதே பெரிய கல்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐந்து வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள்கூட முழுமையாக உருவாகியிருக்காது. களிமண் உருட்டுவதும் காகிதம் கிழித்து ஒட்டுவதும் மணலில் விரலால் எழுதுவதும் பென்சில் பிடிக்கப்போகும் கைக்கான பயிற்சிகளே அன்றி வெறும் விளையாட்டல்ல.

கணக்கிலும் இப்படித்தான். ஐந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துப் பாப்பாவை எண்ணச் சொல். சில குழந்தைகளுக்கு வாய் ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது; ஒரு கொட்டையைத் தொடுவதற்குள் இரண்டு எண்களைச் சொல்லிவிடுவார்கள். சரியாக எண்ணி முடித்தாள் என்றால், "மொத்தம் எத்தனை?" என்று கேள். உடனே "ஐந்து" என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தையும் குறிக்கிறது என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்று பொருள். பிறகு அதே கொட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பி வைத்து, இப்போது கூடுதலா என்று கேள். நீளமாகத் தெரிவதால் கூடுதல் என்று சொல்லும் வயது அது. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தத் தெளிவு வருவதற்கு முன்பே நூறு வரை எழுதும் கைக்கு, எழுதியது எண் என்று தெரியாது, தம்பி.

பாப்பா வீட்டில் "வந்தாங்க" என்கிறாள். புத்தகமோ "வந்தார்கள்" என்கிறது. வீட்டில் ஒருநாளும் கேட்டிராத அந்தத் தமிழ், ஆசிரியர் சொல்லும் கதை வழியாகவும் பாட்டு வழியாகவுமே முதலில் காதில் விழுகிறது. அது காதில் பழகிய பிறகே கண்ணால் படிக்க இயலும். ஆகவே "இன்று கதை சொன்னார்கள், பாடினோம்" என்று அவள் சொல்லும்போது, பாடமே நடக்கவில்லை என்று எண்ணிவிடாதே.

2012-13-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஓர் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, ஆண்டு முழுவதற்குமான புத்தகச் சுமை மூன்றாகப் பிரிந்தது. பிள்ளைகளின் முதுகுக்கு அது பெரிய விடுதலை. கொரோனா காலத்தில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த குழந்தைகளை மனத்தில் வைத்து 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வரவேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

விடுமுறையில் அவளுக்குத் தனியாக எழுத்து வேலை கொடுக்காதே. 1, 2-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக இரவில் ஒரு கதையைப் புத்தகத்தைப் பார்த்து, வரியின் மேல் விரலை ஓட்டியபடி அவளுக்கு வாசித்துக் காட்டு. பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரை ஒருமுறை பார்த்துப் பேசு. மதிப்பெண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த எழுத்தில் தடுமாறுகிறாள், எத்தனை வரை பொருளோடு எண்ணுகிறாள், பக்கத்துப் பிள்ளையோடு பேசுகிறாளா என்று கேள். பாடம் நடக்கும்போதே பிள்ளையின் வளர்ச்சியைக் கவனித்துக் குறிக்கும் வளரறி மதிப்பீட்டுக்காக ஆசிரியர் அவளைக் கவனித்தே வந்திருப்பார். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

அன்புடன்,
அக்கா