மூன்று வயதுக்குக் கீழே டேப்லெட் வேண்டாம்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நீங்கள் நடத்தும் பாலர் பள்ளியில் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை எழுதுகிறேன். அடுத்த தவணையிலிருந்து எல்லா வகுப்பிலும் பிள்ளைகளுக்குத் தினமும் டேப்லெட் கணினி கொடுக்க வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கை வந்தது. வகுப்பில் நிற்கிற எங்களில் ஒருவரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது.

என் பிள்ளைகளுக்கு 18 மாதம் முதல் 3 வயது வரை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் பலருக்கு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

சோதனை முயற்சி என்று இந்தத் தவணையில் கொடுத்துப் பார்த்தோம். கொடுக்கும்போது வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும். திரும்ப வாங்கும்போது வந்து பாருங்கள். பழம் சாப்பிடக் கை கழுவ வேண்டிய நேரம். ஒருவன் விடவே மாட்டேன் என்றான். வாங்கியதும் பக்கத்தில் இருந்த பெண்குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்த இடத்தில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் அவனையும் தூக்கினேன். மற்ற பத்துப் பேரையும் பார்க்க ஆள் இல்லை. மாலையில் விபத்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அம்மா, "நீங்க எங்க இருந்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

இந்த வயதில் 12 பேருக்கு ஒருவர் என்கிறது அரசு விதி. நாங்கள் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம். உதவிக்கு இருந்தவர் போனபின் அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை, டேப்லெட் வந்தது. மூன்று வயதுக்குக் கீழே அது வேண்டாம்; ஓர் உதவியாளரைத் தாருங்கள்.

ஆசிரியைகள் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) ஆசிரியை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை காட்டி, கேள்வி கேட்டு, நன்றாகவே பயன்படுத்துகிறார். அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசுவதிலும் தப்பில்லை. அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். இரண்டு வயதுக்காரிக்குப் பேச்சு வருவது அப்படிப்பட்ட பதிலிலிருந்துதான். "தண்ணி" என்று அவள் அரைகுறையாகச் சொன்னதும் நான் குவளையை நீட்டி, "தண்ணி வேணுமா?" என்று கேட்க வேண்டும். அதற்கு எனக்கு நேரம் வேண்டும்.

பணக் கஷ்டம் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட் என்று வருடக்கணக்கில் கிடந்த அரசு மானியம் 2025-இல்தான் 24 ஆனது. டேப்லெட் நன்கொடையாக வந்தது, சரி. அவற்றைப் பூட்டிவைக்க இரும்பு அலமாரி வாங்கப் பணம் இருந்ததே! 2022 ஏப்ரல் வெள்ளம் அடித்துப்போன மணல்தொட்டி இன்னும் வெறும் பள்ளமாகக் கிடக்கிறது. அதற்கு மணல் கேட்டுக் கொடுத்த கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நன்கொடையாளர் வந்த அன்று மட்டும் எங்களையும் பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தீர்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள வகுப்புகளுக்கு அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தவணை தொடங்குமுன் உங்களில் ஒருவராவது ஒரு காலை முழுக்க என் வகுப்பில் வந்து உட்காருங்கள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சின்ன வகுப்பு ஆசிரியை