எட்டரை மணி மழைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதப் பகுதிக்குச் சீர்காழியிலிருந்து ஐம்பது பைசா அஞ்சலட்டையில் பொடி எழுத்தில் எழுதிவந்த பெரியவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். வயது 79. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு ‘மாஸ்டர் சார்’. அனுப்பியதில் பாதியைக்கூட நீங்கள் போடவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அதற்காக எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரைச் சமூக சேவகர் என்றார்கள். காதில் விழுந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவருக்கு எதையாவது குறித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையில் இருந்தவரை ரயில் வந்த நேரம், போன நேரம். அப்புறம் தபால்தலை, வானொலி, மழை. தெருக்குழாய் ஒழுகினால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி நகராட்சிக்கு மனு எழுதுவார். சரியாக மூடாமல் போனவர் பெயரையும் அதில் சேர்ப்பார். ஒருமுறை என் பெயரும் போனது. இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

தபால்தலை ஆல்பத்தின் முதல் பக்கத்தில், ரயில்வே நூற்றாண்டுக்காக 1953இல் வந்த தலை இருக்கும். சிற்றலை வானொலியில் சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் எல்லாம் கேட்டு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதிப் போடுவார். பதிலுக்கு வரும் வண்ண அட்டைகளைத் தெருப்பிள்ளைகளுக்குக் காட்டுவார், தொட விடமாட்டார். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு பிபிசி தமிழோசை வானொலி நின்றது. மறுநாள் அதே நேரத்துக்கு ரேடியோவைத் திருகி, ‘இரைச்சல் மட்டும்’ என்று நோட்டில் எழுதினார்.

நவம்பர் வந்தால் அவர் திண்ணையில் ஓய்வூதியக்காரர்கள் கூடிவிடுவார்கள். ஆயுள் சான்றைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே பதியலாம் என்று எப்படியோ கற்றுக்கொண்டிருந்தார். “கண்ணைச் சிமிட்டுங்க, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அது நம்பணும்ல” என்று எல்லோரையும் விரட்டுவார்.

மழைதான் அவருடைய பெரிய பைத்தியம். மொட்டை மாடியில் ஒரு தகர டின். வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கங்கள் நேராக இருந்தால் போதும். நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு என்பார். வானிலைத் துறைக் கணக்குப்படி தினமும் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டுப் பார்ப்பார். 2022 நவம்பர் 11ஆம் தேதி இரவு சீர்காழியே மூழ்கியபோது டின் நிரம்பி நிரம்பி வழிய, குடையோடு மாடியேறி அளந்து கொட்டினார். காலையில் அவர் கணக்கு 41 சென்டிமீட்டர். அரசுக் கணக்கு 44 என்று செய்தியில் வந்தது. “மீதி மூணு எங்கே போச்சு?” என்று ஒரு வாரம் புலம்பினார்.

அவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘நான் இறந்ததும்: 1. கண் வங்கிக்குப் போன். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 2. மின்விசிறியை நிறுத்தவும். 3. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு. 4. தலைக்குக் கீழ் தலையணை. 5. அழுகை இதற்குப் பிறகு.’ அவர் மகள் அந்த வரிசைப்படியே செய்தாள். இறந்த நேரம், போன் செய்த நேரம், அவர்கள் வந்த நேரம் மூன்றையும் அதே தாளில் குறித்தும் வைத்தாள்.

மழை நோட்டுகள் மட்டும் 22 இருக்கின்றன. எந்த நூலகமாவது கேட்டால் தருவதாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்காவது தேவைப்பட்டால் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கலாம்.

நேற்று இரவு நல்ல மழை. காலையில் அவர் வீட்டு மாடிக்குப் போய் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். 2.4 சென்டிமீட்டர். அவர் நோட்டில் எழுதக் கை வரவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சீர்காழி.