போரில் தலைக் காயம்பட்டோருக்கு நீண்டகால ஆய்வு நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009 இல் முடிந்த நமது உள்நாட்டுப் போரில் தலையில் காயம்பட்டவர்களின் சிகிச்சை குறித்து ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டால், "போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதே" என்ற பதில்தான் முதலில் வருகிறது. மூளைக் காயத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

வியட்நாம் போரில் தலைக் காயம்பட்ட அமெரிக்கப் படையினரை 1967 முதல் 1970 வரை பதிவு செய்து, பிறகு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூளைக்குள் ஊடுருவிய காயம்பட்ட 421 பேரை ஏறத்தாழ 15 வருடம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 53 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. ஏறத்தாழ 35 வருடம் கழித்து, அப்படிக் காயம்பட்ட 199 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் வலிப்பு இருந்தவர்கள் 87 பேர். அந்த 87 பேரில் 11 பேருக்கு முதல் வலிப்பே காயம்பட்டு 14 வருடத்துக்குப் பிறகுதான் வந்தது. 2009 மே மாதம் செல் (எறிகணை) துண்டு தலையில் பாய்ந்த ஒருவருக்கு அந்த 14 வருடம் 2023 இல் முடிந்தது. இன்று முல்லைத்தீவில் தனியே கடலுக்குப் போகிறவருக்கோ, அநுராதபுரத்தில் முச்சக்கர வண்டி ஓட்டும் முன்னாள் சிப்பாய்க்கோ வரும் முதல் வலிப்பைப் பழைய காயத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும்.

பதிவேடு என்றால் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டுமல்ல. வெடித்தபோது நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், அதன் பின் முதலில் ஞாபகத்தில் இருப்பது எது, காதில் இரைச்சல் இன்னும் உண்டா, இப்படி எத்தனை தடவை நடந்தது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். அரை மணிக்குக் குறைந்த மயக்கமும் ஒரு நாளுக்குக் குறைந்த மறதியும் "லேசான காயம்" என்ற வகைக்குள் வரும். அந்த வகையில் சீ.ரி. ஸ்கானில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. "ஸ்கானில் ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் தலையிடி, தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் மனவடுவாலும் வரலாம், மூளைக் காயத்தாலும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பிரித்தறிய ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கும் வினாத்தாள்கள் உள்ளன. பிழை நேர்வது இங்கேதான். ஆங்கிலத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து, வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டாலும் வேலை முடிவதில்லை. இடப்பெயர்வால் 5ஆம் வகுப்போடு படிப்பு நின்றவரைக் கொழும்பில் உயர்தரம் படித்தவரின் அளவுகோலால் அளந்தால், மூளை நன்றாக இருப்பவரும் குறைந்த புள்ளிதான் எடுப்பார். அதே ஊரில், அதே அளவு படித்த, காயம்படாத ஆட்களையும் பரிசோதித்து ஒப்பிட வேண்டும். இதற்கு ஆட்கள் வேண்டும், காலம் வேண்டும்.

ஸ்கானிலும் ஒரு சிக்கல் உண்டு. செல் துண்டு உள்ளே இருப்பவரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் விட்டால் காந்தம் இரும்பை இழுத்து நகர்த்தக்கூடும். கண்ணருகிலோ மூளையிலோ துண்டு இருந்தால் அது பேராபத்து. ஆகவே முதலில் எக்ஸ்-ரே எடுக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. எனவே இந்த ஆய்வில் பலருக்குச் சீ.ரி.யும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும்தான் கைகொடுக்கும். புதிய இயந்திரம் வாங்குவது இங்கே முதல் தேவை அல்ல.

முதல் தேவை, டிசம்பர் 31 உடன் காலாவதியாகாத பணம். செலவழியாத ஒதுக்கீடு வருட முடிவில் திறைசேரிக்குத் திரும்பும் முறையில் 10 வருடப் பின்தொடர்தலை நடத்த முடியாது. பயிற்றப்பட்ட கள உத்தியோகத்தர் விலகிப்போவார், தொலைபேசி இலக்கங்கள் மாறும், மூன்றாம் வருடத்தில் பாதிப்பேரைக் காணமாட்டோம். வரவு செலவுத் திட்டத்தில் பல வருடத்துக்கு உறுதிசெய்த தனித் தலைப்பு ஒன்று வேண்டும். அதில் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பஸ் செலவும், வந்து போவதால் இழக்கும் நாள் கூலியும் அடங்க வேண்டும்.

இருக்கும் சிகிச்சையைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம். தலைக் காயத்துக்கு ஸ்டீரொயிட் ஊசி நல்லது என்று பல காலம் நம்பிப் போட்டார்கள். 10,008 பேரில் ஒப்பிட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2004 இல் வெளியானபோது, ஊசி போட்டவர்களில் இரண்டு கிழமைக்குள் நூற்றுக்கு 21 பேரும் போடாதவர்களில் 18 பேரும் இறந்திருந்தது தெரிந்தது. அழுத்த அறையில் ஒட்சிசன் கொடுக்கும் சிகிச்சையை அமெரிக்கப் படையினரில் சோதித்தபோது, போலிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். ஒப்பீடு இல்லாமல் எதையும் வாங்கிவிடக் கூடாது.

பதிவேடு பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தலையில் துண்டு இருக்கிறது என்று சொன்னால் "எங்கே பட்டது, யாரோடு நின்றாய்" என்ற விசாரணை வரும் என்ற பயம் வன்னியில் இருக்கிறது. முன்னாள் போராளியும் படையினரும் பொதுமக்களும் ஒரே பதிவேட்டில் வர வேண்டுமானால், அதைச் சுகாதார அமைச்சோ ஒரு மருத்துவ பீடமோ நடத்த வேண்டும். பெயரையும் காய விபரத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும். சம்மதப் படிவம் அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும். ஞாபகக் குறைவு உள்ளவரிடம் வீட்டாரை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும்.

நிதி வரும்வரை வீட்டாருக்குச் சில வார்த்தைகள். பழைய காயம் உள்ளவருக்கு வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்போ திறப்போ கொடுப்பதால் பயனில்லை. நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முதல் வலிப்பென்றால் நின்றுவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். 2009 ஆம் ஆண்டு வைத்தியசாலையில் நோய் விபரம் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் காட் கிழிந்திருந்தாலும் அதையும் எடுத்துப் போங்கள்.

மூளைக் காயப் புனர்வாழ்வுத் துறையினர்,
கொழும்பு 06.